கழுத்து நனையாமல்

நவம்பர் 16, ஞாயிறு

இல்லை, அவன் நனையவில்லை. நான்தான் நனைந்தேன். நான் நனைவது பொருட்டல்ல.

மக்னஸா இன்று வந்துவிட்டது, சொன்ன தேதிக்கு. குளிர்காலத்தின் முதல் நவ்வா. கடலின் அடியைத் துடைப்பம் கொண்டு பெருக்குவதுபோல வருகிற புயல்மழை; மக்னஸா என்றால் துடைப்பம், அதனால் அந்தப் பெயர். ஒவ்வொரு நவ்வாவுக்கும் பெயர் உண்டு, நாள் உண்டு. அலெக்ஸாந்திரியாவில் பிறந்தவர்களுக்கு இது மனப்பாடம். எட்டு மணிக்குள் எங்கள் வர்தியான் பகுதிச் சந்துகள் வாய்க்கால்களாகிவிட்டன. டாக்ஸிக்காரன் முனையில் நின்று தண்ணீரைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். எங்கள் மூன்று சக்கர வண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது.

முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி இரும்புத் தொட்டி. மீன் பெட்டிகள் ஏற்ற என் கணவன் ஷாஸ்லி வாங்கியது. இப்போது தொட்டிக்குள் ஷாஸ்லி. ஓட்டுவது நான். பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவள், கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை.

"கிளட்ச மெதுவா விடுடி. மீனுக்கு வலிக்காது, எனக்கு வலிக்கும்!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

சிரித்தேன். அவன் சிறுநீரகங்கள் நின்றுபோன பிறகு இதுதான் முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

நவம்பர் 18

மழை மேலேயிருந்து வருவதில்லை. ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

மேலேயிருந்து வருவதைக் கூரை தடுக்கிறது. நான்கு மூலையில் நான்கு கம்பி, அதன்மேல் பழைய பிளக்ஸ் பேனர். பல் டாக்டர் ஒருவரின் விளம்பரம். மெத்வல்லி அண்ணன் எங்கிருந்தோ கொண்டுவந்து கட்டிக்கொடுத்தார். அவரும் இதே வண்டிதான் ஓட்டுகிறார், ஷாஸ்லியோடு மீன் சந்தையில். படம் உட்பக்கம் வந்துவிட்டது. ஆள் உயரத்துக்கு ஒரு வாய், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. ஷாஸ்லி அதற்கடியில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆனால் முன்சக்கரம் வாரியடிப்பது கீழிருந்து வருகிறது. லாரி கடந்தால் பக்கவாட்டில் வருகிறது. பிரேக் போட்டால் கூரையில் தேங்கியதெல்லாம் சரிந்து என் பிடரியில் கொட்டுகிறது. எல்லாப் பக்கமும் இறுக்கி மூடினால் அவன் மூச்சே ஆவியாகி, பற்களில் படிந்து, திரும்ப அவன்மேல் சொட்டுகிறது. அதனால் பின்பக்கம் கைப்பிடி அகலத்துக்குக் கிழித்துவிட்டேன். தொட்டியின் அடியில் மீன் பெட்டிகளைக் கவிழ்த்து, அதன்மேல் மெத்தை. டியூப் ரப்பரை நாடா நாடாவாக வெட்டிக் கட்டினால் பிளக்ஸ் காற்றில் அடித்துக்கொள்ளாது. கயிறு போதாது, கயிறு தளர்ந்துவிடும்.

எனக்கு: காலுறைக்கு மேல் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் ஷூ. நெஞ்சில் செய்தித்தாள். முழங்கால் எப்படியும் நனையும். விட்டுவிட்டேன்.

நவம்பர் 20

நர்ஸ் அஃபாஃப் அக்கா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கழுத்துல இருக்கிற குழாய் நேரா இதயத்துக்குப் போவுது, நக்லா. அந்தக் கட்டு நனைஞ்சா கிருமிக்கு நீயே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. புரியுதா? மேல் கழுவுறப்பகூட கழுத்துக்குக் கீழதான்."

"எத்தனை நாளைக்கு அக்கா?"

"கை தயாராகிற வரைக்கும். கையில ரெண்டு ரத்தக்குழாயை இணைச்சிருக்காங்கல்ல, அது தடிச்சு வரணும். வந்துட்டா ஊசியைக் கையிலயே போட்டுக்கலாம், கழுத்துக் குழாயைப் பிடுங்கிப் போட்டுடலாம். அப்புறம் உன் வீட்டுக்காரன் மழையில ஆட்டம்கூட போடட்டும்."

"எப்போ ஆகும்?"

"ஜனவரின்னு வெச்சுக்கோ. இன்ஷா அல்லாஹ்."

ஆக, வேலை இவ்வளவுதான். ஜனவரி வரை ஒரு மனிதனின் கழுத்தை உலர்வாக வைத்திருப்பது. வாரத்தில் மூன்று முறை, ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், நகரத்தின் மிக ஈரமான மாதங்களில்.

வீட்டுக்கு வந்ததும் அவன் இடது கையில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஒரு ரீங்காரம். நிற்காமல்.

"என்ஜின் ஓடுதா?" என்றான்.

"ஐடிலிங்ல இருக்கு."

நவம்பர் 25

மீன் சந்தை வாசலைக் கடக்கும்போது சிக்னல். தூறல்தான், ஆனாலும் கூரை கட்டியிருந்தேன். அவனுடைய ஆட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒருவன் பிளக்ஸைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்ன ஷாஸ்லி, இன்னிக்கு கிலோ எவ்வளவு?"

"உங்கப்பனால வாங்க முடியாது, போடா."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான். மெத்வல்லி அண்ணன் மட்டும் பிளக்ஸை இறக்கி, ரப்பரை மாட்டிவிட்டு, "பச்சை விழுந்துடுச்சு, கிளம்பு தங்கச்சி" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னான்: "பொணத்தை மூடிக் கொண்டுபோற மாதிரி கொண்டுபோற என்னை."

மூடாவிட்டால்தான் அது நடக்கும் என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 29

தாகம். அவனுக்கு இப்போது வேறு நோயே இல்லை, தாகம்தான்.

உடம்பிலிருந்து நீர் போக வழியில்லை. உள்ளே போனது உள்ளேயே தங்கிக் கணுக்காலில், பிறகு மூச்சில் ஏறுகிறது. அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு சிறு பாட்டிலில் அளந்து வைத்திருக்கிறேன். தேநீரும் அதிலிருந்துதான். இன்று குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு எழுந்து போய்க் கதவருகில் நின்றேன். கணவன் வாய் கொப்பளிக்கிறானா குடிக்கிறானா என்று ஒட்டுக்கேட்கிறவள் — இவள் யார்?

கொப்பளித்தான். துப்பினான். கதவைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"எண்ணிக்கிட்டியா?" என்றான்.

டிசம்பர் 4

காசிம். பெயரைக் கேட்டாலே மீனவர்கள் படகைக் கரையேற்றிவிடுகிற நவ்வா. மேற்கிலிருந்து அடித்தது. கப்பாரி பாலத்தின்மேல் வண்டி தானாக இடப்பக்கம் நகர்ந்தது. கூரை பாய்மரமாகிவிட்டது, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, கடலுக்குப் போகிற ஒரு வண்டியில் நான். ஒரு மூலையில் ரப்பர் அறுந்தது. அவன் உள்ளேயிருந்து கையை நீட்டி அந்த மூலையைப் பிடித்துக்கொண்டே வந்தான், வழி முழுக்க. வலது கையால்தான். இடது கையால் எதையும் இழுக்கக் கூடாதென்று அவனே நினைவு வைத்திருந்தான்.

அஃபாஃப் அக்கா கழுத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அடுப்புல சுட்ட ரொட்டி மாதிரி இருக்கு. என் வீட்டுக் கூரையைவிட உன் பல் டாக்டர் தேவலாம்" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. பரீட்சையில் முதல் வகுப்பு வந்தபோதுகூட இப்படி இல்லை.

டிசம்பர் 9

டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார். நன்றாக வளர்கிறதாம். வருஷக் கடைசிக்குள்ளேயே ஆகிவிடலாம் என்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

எழுத வேண்டும். வரிசையாக.

காலையில் வெயில். காசிம் அடித்து ஓய்ந்துவிட்டது. அடுத்த நவ்வாவான சின்ன ஃபைதா வர இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு நவ்வாக்களுக்கு நடுவில் வருகிற நாட்கள் சுத்தமானவை, மழை வராது; அது இங்கே யாருக்கும் சந்தேகமில்லாத விஷயம். படகுகள் போய்விட்டன. எல்லா மாடிகளிலும் தார்ப்பாய், கம்பளி, ஈர மெத்தை. எங்கள் பிளக்ஸும் நேற்றிலிருந்து மாடியில் காய்கிறது. பூஞ்சை பிடித்திருந்தது. நான்தான் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துப் போட்டேன்.

கிளம்புமுன் போனில் பார்த்தேன். மழைக்கு வாய்ப்பு என்றிருந்தது. அவனிடம் காட்டினேன்.

"இந்த போன் எத்தனை தடவை கடலுக்குப் போயிருக்கு?"

"செயற்கைக்கோள் பாத்துச் சொல்லுது ஷாஸ்லி."

"செயற்கைக்கோளுக்கு நவ்வா நாள் தெரியுமா? எங்கப்பா அந்தக் கணக்கை நம்பித்தான் நாப்பது வருஷம் கடலுக்குப் போனாரு." பிறகு, குரலைத் தாழ்த்தி: "ஒரே ஒரு நாள் நக்லா. மனுஷன் மாதிரி உக்காந்து வரேன். வெயில்ல."

மாடிக்குப் போய் எடுத்து வந்திருக்கலாம். மூன்று மாடி. போகவில்லை. நானும் நம்பினேன், அதுதான் உண்மை. புத்தகம் படிப்பதற்கு முன்பே இந்த ஊரில் பிறந்துவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது — எழுது — கூரை இருந்தால் அவன் எனக்குத் தெரியமாட்டான். கூரை இல்லாதபோது கண்ணாடியில் அவன் முகம் தெரியும்.

தெரிந்தது. சந்தை வாசலில் கையை உயர்த்தி எல்லாருக்கும் சலாம் சொல்லிக்கொண்டு வந்தான், ராஜா மாதிரி.

கப்பாரி பாலத்துக்கு முன்னால் காற்று திரும்பியது. கடல் பக்கம் கறுத்தது. வண்டியைப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஏற்கெனவே பாதி ஊர் அங்கே நின்றது, மோட்டார் சைக்கிள்கள், தலையில் ரொட்டித் தட்டோடு ஒருவர், எல்லாரும் தார்ப்பாய் இல்லாமல். எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "இது எந்த நவ்வாடா, பேரே இல்லாம வந்திருக்கு?" என்று ஒருவன். ரொட்டிக்காரர் எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்தார். "நில்லும்மா. கணக்குல இல்லாத மழை, நிக்காது. போயிடும்."

நின்றோம். மழை போகவில்லை.

வெள்ளியும் சனியும் அவனுக்கு இயந்திரம் இல்லாத நாட்கள். ஞாயிறு வருவதற்குள் உள்ளே நீர் ஏறியிருக்கும். இன்று காலையிலிருந்தே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான். பாலத்தடியில் அவன் உதடு நிறம் மாறுவதைப் பார்த்தேன். தாமதமானால் இயந்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்; கொடுக்கத்தான் வேண்டும், அவரும் இப்படித்தான் வந்து உட்கார்ந்திருப்பார்.

"போலாம்" என்றான்.

"இன்னும் கொஞ்சம்—"

"மூச்சு முடியல. போலாம்டி."

என் கோட்டைக் கழற்றி அவன் கழுத்தைச் சுற்றினேன். ரொட்டிக்காரர் தட்டை மூடியிருந்த பிளாஸ்டிக்கை உருவி, கேட்காமலே கொடுத்தார். அதையும் சுற்றி, "பிடிச்சுக்கோ, விடாதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

டிராம் பாதைக்கு அருகில் கண்ணாடியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் காற்றில் போய்விட்டிருந்தது. கோட்டு தோளுக்குச் சரிந்திருந்தது. அவன் முகம் வானத்தைப் பார்த்து இருந்தது. கண் மூடி, வாய் திறந்து.

குடித்துக்கொண்டிருந்தான்.

கோடைக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கத்தியிருக்க வேண்டும். கத்தினேன், ஆனால் உடனே இல்லை. கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எவ்வளவு தூரம்? தெரியவில்லை. தெரியவில்லை.

அஃபாஃப் அக்கா கட்டைப் பிரித்தாள். பஞ்சு பிழிந்தால் வடியும்போல இருந்தது. சுத்தம் செய்தாள், மருந்து போட்டாள், புதுசு கட்டினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"காய்ச்சல் வருதான்னு பாரு. குளிர் நடுக்கம் வந்தா ராத்திரின்னு பாக்காதே, கூட்டிட்டு வா."

திரும்பும்போது மறுபடி வெயில். ஒன்றுமே நடக்காததுபோல. அவன் பின்னாலிருந்து சொன்னான்: "உப்புக் கரிச்சுது தெரியுமா? கடலைக் குடிச்ச மாதிரி இருந்துச்சு."

டிசம்பர் 16

இயந்திரத்தில் போட்டு அரைமணி நேரத்தில் நடுக்கம். கட்டிலே ஆடியது. மூன்று கம்பளி. அவன் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம்.

அங்கேயே சேர்த்துவிட்டார்கள்.

டிசம்பர் 17

கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். நுனியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேறொன்றைத் தொடையில் போட்டார்கள்.

டிசம்பர் 20

சின்ன ஃபைதா வந்துவிட்டது, நாள் தவறாமல். வார்டு ஜன்னலில் அறைகிறது. வெளியே ஊரே மிதக்கிறது. அவன் உலர்ந்து கிடக்கிறான். உதடு வெடித்து, நாக்கு உலர்ந்து. ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கச் சொல்கிறார்கள். துடைக்கிறேன். துணியை உறிஞ்சுகிறான்.

டிசம்பர் 23

கிருமி இதயத்து வால்வில் போய் உட்கார்ந்துவிட்டதாம். படம் எடுத்துக் காட்டினார்கள். ஏதோ ஒன்று கொடிபோல அசைந்தது. 

டாக்டரிடம் கேட்டேன், மழையா என்று.

"குழாய் இருக்கிறவங்களுக்கு எப்ப வேணும்னாலும் வரலாம்மா. நனையாமலும் வந்திருக்கும். அதை நினைச்சுக் கஷ்டப்படாதீங்க."

ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா? இரண்டும் ஒரே வாக்கியமாக இருக்கிறது. பிரிக்கத் தெரியவில்லை.

டிசம்பர் 28

இன்று இடது கையில் ஊசி போட்டார்கள், முதல் முறை. அஃபாஃப் அக்காவே தன் பிரிவிலிருந்து வந்து போட்டாள். ரத்தம் நன்றாக ஓடியது. கை தயாராகிவிட்டது.

அவனிடம் சொன்னேன். கண்ணைத் திறக்காமல், "அப்போ மழையில ஆடலாம்ல" என்றான். பேச்சு குழறியது. அப்புறம், "கூரையைக் காய வெச்சியா?"

"வெச்சேன்."

"நல்லா மடிச்சு வை. மடிப்புல விரிசல் விட்டுடும்."

ஜனவரி 4

நேற்று பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம். மழை இல்லை.

ஜனவரி 5

கையில் ரீங்காரம் எப்போது நின்றது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அப்போது நான் மருந்துச் சீட்டோடு கீழே நின்றிருந்தேன்.

ஜனவரி 15

பெரிய ஃபைதா. மூன்று நாளாக வீட்டை விட்டு யாரும் நகரவில்லை.

மெத்வல்லி அண்ணன் இன்று வந்தார். நனைந்து வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றார். துண்டு கொடுத்தேன். தேநீர் போட்டேன். நிறையப் போட்டுவிட்டேன், இவ்வளவு தண்ணீர் கொதிக்கவைக்கலாம் என்பதே மறந்துபோயிருந்தது.

"அன்னிக்கு நானும்தான் தார்ப்பாயைக் கழட்டிட்டேன் தங்கச்சி" என்றார். "வலைய, துணிய எல்லாம். மொத்த ஊரும் கழட்டிட்டுது. இந்தக் கணக்கு இப்பெல்லாம் தப்புது. கடலுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"போன் சொல்லிச்சு அண்ணே."

அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றேன். "அவன் மழையைக் குடிச்சுக்கிட்டு வந்தான். நான் பார்த்தேன். உடனே தடுக்கல."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா குடிச்சானா?" என்று கேட்டார்.

"நல்லா குடிச்சான்."

தலையசைத்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பிப்ரவரி 2

மாடிவீட்டுக்காரி: "இத்தா இருக்கிற பொம்பளை வண்டி எடுத்துக்கிட்டு வெளிய போகலாமா?" கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்க வேண்டிய அந்த மாதங்களிலும் பிழைப்புக்காகப் பகலில் போகலாம் என்று ஷேக்கிடம் கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

இன்று ஏற்றியது: வெங்காயம். ஒரு பழைய துணி துவைக்கும் இயந்திரம்.

பிப்ரவரி 19

கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறேன். பின்னால் வருகிற வண்டிகள் தெரிகிற கோணத்துக்கு. அது அதற்காகத்தான் வைத்திருப்பது.

மார்ச் 10

ஹுசூம் நவ்வா. குளிர்காலம் முடியும்போது வருகிறது. வேண்டாவெறுப்பாக ஒரு பத்து அடி அடிக்கும்.

மெத்வல்லி அண்ணனின் வண்டி சங்கிலி அறுந்துகிடக்கிறது. அவருக்கு வந்த சவாரியை எனக்கு விட்டார். கப்பாரியில் ஒரு கல்யாண வீடு. மணப்பெண்ணின் சாமான்களைப் புது வீட்டில் இறக்க வேண்டும். மற்றதெல்லாம் லாரியில் போய்விட்டதாம். சந்துக்குள் லாரி நுழையாததால் பஞ்சு மெத்தைகள் மட்டும் மிச்சம். நான்கு மெத்தை. புதுப் பஞ்சு, வெளிர் சிவப்பு ஜரிகை உறை. மணப்பெண்ணின் அம்மா ஸகீனா வாசலில் நின்று என் கறுப்பு உடையைப் பார்த்தாள்.

"போனது யாரும்மா?"

"வீட்டுக்காரர்."

"அல்லாஹ் பொறுமை தரட்டும்" என்றாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. "ஏத்திடு சீக்கிரம். ஒரு சொட்டு பட்டுச்சுன்னா சம்பந்தியம்மா என் மானத்தை வாங்கிடுவா. மூடிக்கொண்டுபோக வெச்சிருக்கதானே ஏதாவது?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"மழை விடட்டும்மா."

"என்னது? அங்க அவ்வளவு பேரு காத்துக்கிட்டு நிக்கிறாங்க!"

"நிக்கட்டும்."

"மூடிக்கொண்டு போனா நனையாதில்ல?"

"நனையாதுன்னு என்னால சொல்ல முடியாது."

"அடப் பாவமே! பயந்தாங்கொள்ளியாப் பாத்து அனுப்பியிருக்கான் பாரு அந்த மெத்வல்லி!" உள்ளேயிருந்து பெண்கள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "மெத்தைக்கு ஜலதோஷம் பிடிக்கும்னு பயப்படுறாங்க அத்தை" என்றாள். அவர்களோடு ஸகீனாவும் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

சாவியை எடுத்து கோட்டுப் பையில் போட்டேன். மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். மெத்தைகள் எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றன, அவசரம் எதுவும் இல்லாமல். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. ஸகீனா இரண்டு முறையும், "டிரைவரம்மா உக்காந்துட்டாங்க, நான் என்ன பண்ண?" என்றாள். தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, சம்பந்தியைப் பற்றி வெகுநேரம் குறைசொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது மழை விட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இருந்தேன். சந்தில் கொட்டிக்கொண்டிருந்த பால்கனித் தண்ணீரும் நின்றது. எழுந்து தொட்டியை உலர்ந்த துணியால் துடைத்தேன். மெத்தைகளை ஏற்றினேன். கிளம்பினேன்.